குமரி மாவட்டத்தில் இது உங்கள் முதல் ஐப்பசியா? காலைப் பனிமூட்டத்தையும் வரப்போகும் மழையையும் கணிக்க ஒரு வழிகாட்டி

மாற்றலாகி நாகர்கோவிலுக்கோ தக்கலைக்கோ மார்த்தாண்டத்துக்கோ வந்திருப்பீர்கள். விடியும்போது ஏலா (வயல்வெளி) முழுக்க வெள்ளையாகப் பனி. பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். நாலு மணிக்கு மலைப்பக்கம் கறுத்து, பள்ளி விடும் நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது. தொலைக்காட்சியில் "தமிழகத்தில் கனமழை" என்று சொன்ன அன்று ஒரு சொட்டு விழுவதில்லை. "புயல் வலுவிழந்தது" என்ற அன்றோ இரவெல்லாம் மழை. புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். இந்த ஊர் வானிலைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்தால் ஐப்பசி முதல் மார்கழி வரை பெரிய சேதமில்லாமல் கடக்கலாம்.

1. உங்கள் வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பாருங்கள்

மாவட்டத்தின் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் வானிலை ஒன்றல்ல. பேச்சிப்பாறை, குலசேகரம், கீரிப்பாறை, பாலமோர் ஆகியவை மலையும் ரப்பர் தோட்டமும். அங்கே மதியத்துக்குப் பின் இடிமழை அடிக்கடி வரும். பூதப்பாண்டி, தேரூர், சுசீந்திரம் பக்கம் வயலும் குளமும். மழை கொஞ்சம் குறைவு, ஆனால் மலையில் பெய்தது இங்கேதான் வந்து தேங்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கடற்கரை. கன்னியாகுமரி, அஞ்சுகிராமம், ஆரல்வாய்மொழிப் பக்கம் மாவட்டத்தின் வறண்ட மூலை. அதற்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியமான மழை.

மாவட்டம் முழுமைக்கும் ஒரே வரியில் அறிவிப்பு வரும்போது, அது உங்கள் பகுதிக்கு என்ன செய்யும் என்று நீங்களே மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். வாடகை வீடு பார்க்கும் கட்டத்தில் இருந்தால் பக்கத்து வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "2021 நவம்பரில் தண்ணி எதுவரை வந்தது?" அந்த மாத நடுவில் பெய்த மழையில் மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகள் பல மூழ்கின, தண்டவாளத்தில் மண் சரிந்து திருவனந்தபுரம் ரயில்கள் நின்றன. தரகர் சொல்லாததை அந்த ஒரு பதில் சொல்லிவிடும்.

2. அறிக்கையை எப்போது பார்ப்பது

செலவு எதுவும் இல்லை. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாகத் தமிழில் முன்னறிவிப்பு தருகிறது. கைபேசியில் 'மௌசம்', 'டிஎன் அலர்ட்' செயலிகளும், இடிமின்னலுக்குத் 'தாமினி'யும் போதும். மூன்றும் இலவசம்.

ஒரு நாளில் மூன்று முறை பாருங்கள். காலை எழுந்ததும் ஒரு தடவை. மதியம் அன்றைய விரிவான அறிக்கை வந்த பிறகு ஒரு தடவை, அடுத்த நாளைத் திட்டமிட அதுதான் முக்கியம். வெளியே கிளம்பும் முன் மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கையை ஒரு தடவை. புயல் சின்னம் இருக்கும் நாட்களில் படுக்கும் முன்பும் பாருங்கள். 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, 30-ஆம் தேதி காலையிலேயே புயலாகிவிட்டது. முந்தைய நாள் மதியம் பார்த்த அறிக்கையை நம்பிப் படுத்தவர்களுக்கு விடிந்தபோது நிலைமை வேறு.

ரேடார் படம் பார்க்கப் பழகினால் இன்னும் நல்லது. நமக்கு அருகில் இருப்பது திருவனந்தபுரத்து ரேடார். சென்னை ரேடாரில் குமரி மழையைத் தேடுவது வீண் வேலை.

3. அறிக்கையின் சொற்களை அளவாக மாற்றிக்கொள்ளுங்கள்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. நிதானமாகப் படியுங்கள்.

மழையின் அளவு: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் அது கனமழை. அதாவது ஏறக்குறைய 7 முதல் 11 சென்டிமீட்டர். 12 முதல் 20 வரை மிகக் கனமழை. 20-க்கு மேல் அதிகனமழை. "மிதமான மழை" என்ற சொல்லைக் கேட்டு அலட்சியம் வேண்டாம். 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர் வரை எல்லாமே மிதமானதுதான். 6 சென்டிமீட்டர் ஒரு மணி நேரத்தில் விழுந்தால் மீனாட்சிபுரத்திலும் வடசேரியிலும் இருசக்கர வண்டி ஓட்ட முடியாது.

இடத்தின் அளவு: "ஓரிரு இடங்களில்" என்றால் மழைமானிகள் உள்ள இடங்களில் கால் பங்கு வரை. "ஒரு சில இடங்களில்" என்றால் பாதி வரை. "அநேக இடங்களில்", "பெரும்பாலான இடங்களில்" என்றால் பாதிக்கு மேல். இதில் ஒரு கண்ணி உண்டு. "ஓரிரு இடங்களில் மிகக் கனமழை" என்பதைப் பலர் "கொஞ்சம்தான் பெய்யும்" என்று வாசிக்கிறார்கள். இடம்தான் குறைவு, பெய்யும் இடத்தில் 12 சென்டிமீட்டர் கொட்டும். அந்த ஓரிடம் உங்கள் தெருவாகவும் இருக்கலாம்.

நிறம்: பச்சைக்கு எச்சரிக்கை இல்லை. மஞ்சளுக்குக் கவனித்துக்கொண்டே இருங்கள். ஆரஞ்சுக்கு ஏற்பாடுகளை முடித்துவையுங்கள். சிவப்புக்குச் செயலில் இறங்குங்கள், அதாவது பயணத்தை நிறுத்துங்கள், தாழ்வான இடத்தை விட்டு நகருங்கள். ஆரஞ்சு வந்த பிறகு தார்ப்பாய் வாங்கக் கடைக்கு ஓடுவது தாமதம்.

நாள்: வானிலைக் கணக்கில் ஒரு நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. "செவ்வாய்க்கிழமை கனமழை" என்று இருந்து, செவ்வாய் பகல் முழுக்க வெயிலடித்துப் புதன் அதிகாலை 3 மணிக்குக் கொட்டினாலும் அறிக்கை பொய்க்கவில்லை. மறுநாள் நாளிதழில் வரும் மழை அளவும் இப்படிக் காலையோடு முடியும் 24 மணி நேரத்துக்கானதே.

இடம் பெயர்: இதுதான் குமரிக்காரர்களுக்கு மிக முக்கியம். "குமரிக்கடல் மற்றும் அதனை ஒட்டிய பகுதிகளில் வளிமண்டல கீழடுக்கு சுழற்சி" என்ற வரி இருந்தால் உஷாராகுங்கள், அது நம் வாசல். "தென்மேற்கு வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி, வடதமிழகக் கரையை நோக்கி நகரும்" என்றால் மழை பெரும்பாலும் சென்னைப் பக்கம் போய்விடும், இங்கே வெறும் மேகமூட்டம்தான். "இலங்கையைக் கடந்து குமரிக்கடல் நோக்கி" என்றால், வலுவிழந்த சின்னமாக இருந்தாலும் சரி, அன்று இரவு வீட்டில் இருங்கள். வலுவிழப்பது காற்றின் வேகத்தைப் பற்றிய பேச்சு. மழை அதோடு குறைந்துவிடும் என்று பொருள் கிடையாது.

காற்றின் வேகப்படி சின்னங்களின் வரிசை: மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் குறைவானது தாழ்வுப் பகுதி, 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-லிருந்து புயல். ஓட்டு வீட்டுக்காரர்களும் தகரக் கொட்டகை போட்டவர்களும் தாழ்வு மண்டலத்திலேயே கட்டுகளைச் சரிபார்த்துவிட வேண்டும்.

4. காலைப் பனிமூட்டத்தை வாசிக்கப் பழகுங்கள்

பார்வைத் தூரம் 1 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் வானிலைக் கணக்கில் அது மூடுபனி. இங்கே பெரும்பாலான நாட்களில் தெரிவது அதைவிட மெல்லிய பனிமூட்டம். ஆனால் தேரூர்க் குளத்தை ஒட்டிய வயல்கள், பேச்சிப்பாறைச் சாலையின் பள்ளங்கள், காளிகேசம் போகும் வழி போன்ற இடங்களில் அது சட்டென்று அடர்ந்துவிடும்.

முந்தைய மாலை மழை பெய்து மண் ஊறியிருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் மேகம் கலைந்து நட்சத்திரம் தெரிய வேண்டும். தென்னை ஓலை அசையாமல் காற்று அடங்கியிருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் தரை வேகமாகக் குளிர்ந்து, அதைத் தொட்ட ஈரக்காற்று பனியாகத் திரளும். ஆகவே இரவு 11 மணிக்கு வெளியே வந்து வானத்தையும் ஓலையையும் பாருங்கள். இரண்டும் தெளிவாகவும் அசையாமலும் இருந்தால் காலை 5 மணிப் பயணத்தை 7.30-க்குத் தள்ளிவையுங்கள். சூரியன் இந்த மாதங்களில் 6.15-ஐ ஒட்டி உதிக்கும், 8 மணிக்குள் பனி கரைந்துவிடும்.

இனி சொல்வதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தினமும் உதவும். பனி மூடிய காலை என்றால் இரவு வானம் தெளிவாக இருந்தது என்று பொருள். அன்று மதியம் வரை பெரும்பாலும் பயமில்லை. துணி துவைக்கலாம், கான்கிரீட் போடலாம், தேங்காய் உலர்த்தலாம். ஆனால் ஈரமும் வெயிலும் சேர்வதால் 3 மணிக்கு மேல் இடிமழை வரலாம். மாறாக, விடியும்போது பனியே இல்லாமல் வானம் ஒரே சாம்பலாக, கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ காற்று வந்து, தூறல் விட்டுவிட்டு விழுந்தால் அது கடலில் உள்ள சின்னத்தின் மழை. நாள் முழுக்க இருக்கும், இரவில் வலுக்கும். முதல் வகை ஐப்பசியில் அதிகம். மேற்குப் பக்கத்துப் பெரியவர்கள் துலாவர்ஷம் என்று சொல்வது அதைத்தான். இரண்டாவது வகை கார்த்திகையில் அதிகம்.

பனியில் வண்டி ஓட்டும்போது உயர் ஒளி விளக்கைப் போடாதீர்கள். ஒளி பனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும். தாழ் ஒளி போதும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள், முன்னால் 30 மீட்டர்தான் தெரிகிறது என்றால் யோசிக்க மூன்று வினாடிகூட இல்லை. ஓடும்போது நான்கு விளக்கையும் சிமிட்ட விடாதீர்கள், திரும்புவது தெரியாமல் பின்னால் வருகிறவர் மோதுவார்.

ரப்பர் தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பனி இலையிலிருந்து சொட்டி வெட்டுப்பட்டையை நனைத்தால் பால் சிரட்டைக்கு வராமல் பட்டையில் பரவி வீணாகும். மரத்தில் மழைத்தடுப்பு கட்டியிருக்கிறதா என்று குத்தகை பேசும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் அந்தச் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள்.

5. இடிமின்னல்

மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான வினாடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 வினாடிக்குள் இடி கேட்டால் உள்ளே போங்கள். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள். தென்னை, பனை அடியில் ஒதுங்க வேண்டாம். வயலில் தனியே நிற்கும் பம்பு செட் கொட்டகையும் பாதுகாப்பு அல்ல.

6. அணை மட்டத்தை மழையோடு சேர்த்துப் பாருங்கள்

உங்கள் தெருவில் மழையே பெய்யாமல் ஆற்றில் வெள்ளம் வரும். புதிதாக வந்தவர்கள் சிக்குவது இதில்தான், குறிப்பாகச் சுற்றிப் பார்க்கப் போகும் குடும்பங்கள்.

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் தினமும் அணை நிலவரம் வரும். மூன்றை மட்டும் பார்த்தால் போதும்: பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ஒன்றும் இரண்டும் 18 அடி. இவை முழுக் கொள்ளளவு மட்டங்கள். பேச்சிப்பாறை 42 அடியைத் தாண்டி, மலையில் மழை தொடர்ந்தால் உபரிநீர் எந்த நேரமும் திறக்கப்படலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் பாலமோர், பெருஞ்சாணி, புத்தன் அணை, சிவலோகம், களியல் என்று மழை அளவுகள் இருக்கும். நாகர்கோவிலில் 5 மில்லிமீட்டர், பாலமோரில் 80 மில்லிமீட்டர் என்று கண்டால் அன்று ஆற்றுப் பக்கம் போகாதீர்கள்.

தண்ணீர் போகும் வழி இது. பேச்சிப்பாறை, சிற்றாறு உபரிநீர் கோதையாறு வழியாகத் திற்பரப்பு அருவிக்கு வரும். பெருஞ்சாணியின் தண்ணீர் பரளியாற்றில். இரண்டு ஆறுகளும் திருவட்டாறு அருகே கூடி, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேரும். அதனால்தான் அணை திறந்ததும் முதலில் திற்பரப்பில் குளிக்கத் தடை வரும், பிறகு குழித்துறை சப்பாத்துப் பாலம் (தாழ்வான தரைப்பாலம்) மூழ்கும். அந்தப் பாலத்தை நம்பி வேலைக்குப் போகிறவர்கள் மேல் பாலத்தின் வழியையும் அதற்கான கூடுதல் நேரத்தையும் முன்பே கணக்கிட்டு வையுங்கள்.

பழையாறு தனி. சுருளகோட்டுப் பக்கம் தொடங்கி, பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலில் சேரும். கடல் கொந்தளித்து மணக்குடி முகத்துவாரத்தில் நீர் வெளியேறத் தாமதமானால் மேலே உள்ள வயல்களில் தண்ணீர் வடிய நாட்கள் ஆகும்.

7. வீடு, வண்டி, ஆவணங்கள்: ஐப்பசி பிறக்கும் முன்

1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 9,300 லிட்டர் தண்ணீர். தென்னம்பூவும் சருகும் ஒரே ஒரு குழாயை அடைத்தால் அத்தனையும் தளத்தில் நிற்கும். வடிகுழாய் வாயை வாரம் ஒருமுறை கையால் துழாவிச் சுத்தம் செய்யுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை, ஆனால் மேல்தளம் ஒழுகும் வீடுகள் பலவற்றுக்கு இதுவே காரணம்.

வண்டிக் காப்பீட்டை எடுத்து வாசியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டுக் கிளப்பி எஞ்சின் போனால், எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை இல்லாதவர்களுக்கு அந்தச் செலவைப் பொதுவாகத் தர மாட்டார்கள். கிளப்பாதீர்கள், படம் எடுங்கள், இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

ஆவணங்கள்: குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வீட்டு வரி ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம். நகலெடுத்துத் தண்ணீர் புகாத உறையில் ஒரு தொகுதி, கைபேசியில் ஒரு தொகுதி. குடும்ப அட்டையில் பழைய ஊர் முகவரியே இருந்தால் இப்போதே பொது விநியோகத் துறை இணையதளத்தில் மாற்ற விண்ணப்பியுங்கள். வெள்ள நிவாரணப் பட்டியலைக் குடும்ப அட்டையை வைத்து எடுக்கும்போது வேறு மாவட்ட முகவரி இருந்தால் பெயர் விடுபடும், பிறகு அலைய வேண்டியதுதான். வீடு, சுவர் சேதமானால் அன்றே தேதியோடு படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்குங்கள். இடிபாட்டை அகற்றிவிட்டுப் போய்ச் சொன்னால் பார்க்க ஒன்றும் இருக்காது.

எண்கள்: மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அளவில் 1070, அவசரத்துக்கு 112, மின்தடைக்கும் அறுந்த கம்பிக்கும் மின்னகம் 94987 94987. அறுந்து கிடக்கும் கம்பியைக் கம்பால் தள்ளப் போகாதீர்கள், ஈரக் கம்பிலும் மின்சாரம் பாயும்.

8. வயல் எடுத்திருந்தால்

கும்பப்பூ (இரண்டாம் போக) நெல்லுக்கும் வாழைக்கும் பிரதமரின் பயிர்க் காப்பீடு உண்டு. விவசாயி செலுத்தும் பங்கு, இந்தப் பருவத்து நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், வாழை போன்றவற்றுக்கு 5 சதவீதம். உதாரணமாக ஏக்கருக்கு 30,000 ரூபாய் காப்பீட்டுத் தொகை என்றால் நெல்லுக்கு 450 ரூபாய். தேவையானவை: சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம். குத்தகைக்காரர்கள் அடங்கலில் யார் பெயர் ஏறுகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், பல விண்ணப்பங்கள் அங்கேதான் நிற்கின்றன. கடைசித் தேதி பயிருக்குப் பயிர் மாறும். வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பே முடியுங்கள். கடைசி நாளில் இணையதளம் திணறும்.

நெல்லுக்கான இழப்பீடு பொதுவாக உங்கள் பகுதியின் சராசரி மகசூலை வைத்துக் கணக்கிடப்படுகிறது. உங்கள் ஒரு வயல் பாதிக்கப்பட்டதால் மட்டும் பணம் வந்துவிடாது. அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாட்களுக்குள் புயல் மழையில் நனைந்தால் தனியாகக் கோரலாம், 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று காத்திருந்தால் நேரம் போய்விடும்.

9. கடலுக்குப் போகிறவர்கள், கடலைப் பார்க்கப் போகிறவர்கள்

மீனவர் எச்சரிக்கையில் கடல் பகுதியின் பெயரைப் பாருங்கள்: குமரிக்கடல், மன்னார் வளைகுடா, லட்சத்தீவுப் பகுதி, தென்கிழக்கு அரபிக்கடல். வடகிழக்குக் காற்றில் சின்னமுட்டம், கன்னியாகுமரிப் பக்கம் கொந்தளிக்கும்போது குளச்சல் பக்கம் அமைதியாகத் தெரியலாம். அதை நம்பி இறங்கக் கூடாது. விருந்தினரை விவேகானந்தர் பாறைக்கு அழைத்துப் போவதாக இருந்தால், படகு ஓடுகிறதா என்று அன்று காலை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். காற்று பலமாக இருந்தாலும் கடல் உள்வாங்கினாலும் நிறுத்துவார்கள். சூரிய உதயத்துக்கு ஒரே ஒரு நாளை ஒதுக்காதீர்கள், இந்த மாதங்களில் கிழக்கு விளிம்பில் மேகம் நிற்பது வழக்கம். இரண்டு விடியல் வையுங்கள்.

10. எதுவரை

"கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்று சொல்லித் தார்ப்பாயை மடித்து வைப்பவர்கள் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர் கொட்டியது. அது மார்கழி பிறந்த நேரம். வடிகுழாய்ச் சுத்தம், ஆவண உறை, அணை நிலவரம் பார்ப்பது மூன்றையும் பொங்கல் வரை விடாதீர்கள். தார்ப்பாயை மடிக்கும் முன் நன்றாக வெயிலில் காயவையுங்கள், ஈரத்தோடு மடித்தது அடுத்த ஐப்பசியில் விரிக்கும்போது கிழியும்.